மருநிலத்துக் கோட்டைகளும் நீர்நிலைகளும்

தொல்காப்பியர் பாலைத்திணைக்கெனத் தனியொரு நிலம் வகுத்திலர். முல்லை நிலமும் குறிஞ்சி நிலமும் வேனிலின் வெம்மையால் தத்தம் வளங்குன்றிய காலத்துப் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். மழை பெய்ததும் மறைந்துபோகும் பாலை இது. பாரத நாட்டின் வடமேற்கே, ஆரவல்லி மலைத்தொடருக்கு அப்பால் பரந்துகிடக்கும் தார்ப் பாலைநிலமோ இதனின் வேறானது. அங்கு வறட்சி ஒரு பருவத்தில் வந்து போவதன்று. நிலத்தின் நிலையான இயல்பு. வடமொழியாளர் அந்நிலத்தை 'மரு' எனவும் 'மருஸ்தலம்' எனவும் வழங்கினர். மார்வார் என்னும் நாட்டுப்பெயரும் அச்சொல்லின் வழிவந்ததேயாம்.

இம்மருநிலத்தில் மூன்று இராஜபுத்திர அரசுகள் பல நூற்றாண்டுகள் நிலைபெற்றிருந்தன. ஜெய்சல்மேர் நகரம் 1156ஆம் ஆண்டிலும், ஜோத்பூர் 1459ஆம் ஆண்டிலும், பிகானேர் 1488ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்டன. தில்லியிலே அரசவமிசங்கள் பல தோன்றி மறைந்தபோதும் இம்மூன்று அரசுகளும் வீழ்ந்தும் எழுந்தும் தம் இருப்பைக் காத்துக்கொண்டன. 1949ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் இவை மூன்றும் இராஜஸ்தான் மாநிலத்துள் அடங்கின. 1971ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தினால் மன்னர் மானியமும் மன்னர் என்னும் அரச அங்கீகாரமும் ஒழிந்தன. அரசர் போயினர், கோட்டைகளும் மாளிகைகளும் எஞ்சின. இன்று உலகின் பல திசைகளினின்றும் மக்கள் அவற்றைக் காணச் செல்கின்றனர்.

அங்ஙனம் செல்வோர் பெரும்பாலும் வீரத்தின் சுவடுகளையே தேடுகின்றனர். இதற்குக் காரணமானவருள் முதன்மையானவர் ஜேம்ஸ் டொட் என்னும் ஆங்கில அதிகாரியாவர். இராஜபுத்திர அரசுகளின் வரலாற்றை அவர் 1829, 1832ஆம் ஆண்டுகளில் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். போரும் மானமும் தற்கொடையும் நிறைந்த அவ்வரலாறு இராஜபுத்திரரைப் பற்றிய ஒரு நிலையான ஓவியத்தை உலகத்தார் உள்ளத்தில் வரைந்துவிட்டது. அவ்வோவியம் முற்றும் பொய்யன்று. ஆயினும் ஒரு வினாவுக்கு அதில் விடையில்லை. ஆறில்லாத, மழை அருகிய மணல்வெளியில் ஆயிரக்கணக்கான மக்களும் யானை குதிரை ஒட்டகங்களும் குடிப்பதற்கு நீர் எங்கிருந்து வந்தது? வாளினால் ஒரு நாட்டை வெல்லலாம்; வாளினால் ஒரு குடம் நீரையும் உண்டாக்க இயலாது. இவ்வினாவை உள்ளத்திற் கொண்டு மருநிலத்தைச் சுற்றிப் பார்ப்போருக்கு அவ்வரச மரபின் மற்றொரு முகம் புலனாகும்.

நிலத்தின் இயல்பு

தார்ப் பாலைநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 77,000 சதுர மைல் ஆகும். அதன் பெரும்பகுதி இந்தியாவிலும் எஞ்சிய பகுதி பாக்கிஸ்தானிலும் அமைந்துள்ளது. ஜெய்சல்மேரில் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 8 அங்குலமே. அதுவும் ஆடி, ஆவணி மாதங்களில் சில நாட்களிற் பெய்து ஓய்ந்துவிடும். சில ஆண்டுகளில் பெய்யாமலே பொய்த்துவிடும். லூனி என்னும் ஆறு ஒன்றே மார்வார் நாட்டினூடே குறிப்பிடத்தக்க தூரம் ஓடுகின்றது. அதுவும் கீழ்ப்பகுதியில் உவர்நீராகிக் கடலைச் சேராமலே கச்சு உவர்நிலத்தில் மறைகின்றது. நிலத்தடி நீரோ பல இடங்களில் நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலே கிடக்கின்றது. அந்நீரும் பலவிடத்து உவர்ப்புடையது.

இத்தகைய நிலத்தில் வாழ்வோர் வானத்தினின்று விழும் துளியைத் துளியாகவே கணக்கிடக் கற்றனர். வீட்டு முற்றத்தையும் கூரையையும் சரிவாக அமைத்து, விழும் மழையை நிலத்தின் கீழ்க் கட்டிய தொட்டியிலே சேர்த்தனர். இத்தொட்டி 'தாங்கா' எனப்படும். ஜெய்சல்மேர்ப் பகுதியிற் சிலவிடங்களில் மணலுக்கு அடியிலே ஜிப்சப் படலம் ஒன்று உண்டு. மணலினூடே இறங்கும் மழைநீர் இப்படலத்தால் தடுக்கப்பட்டு, கீழுள்ள உவர்நீருடன் கலவாமல் ஈரமாகத் தங்கும். அவ்வீரத்தை ஊறவைத்து எடுக்கும் குறுகிய கிணறுகளையும் அம்மக்கள் அமைத்தனர். இவ்வறிவெல்லாம் ஏட்டில் எழுதப்படாது தலைமுறை தலைமுறையாகக் கைவழி வந்தது. அனுபம் மிஸ்ரா என்பார் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட இந்தி நூலொன்றில் இம்முறைகளைத் தொகுத்து விளக்கியபோதே கற்றோர் பலர் அவற்றின் அருமையை உணர்ந்தனர். 'இராஜஸ்தானின் வெள்ளித் துளிகள்' என்று பொருள்படும் அந்நூலின் பெயர், அந்நாட்டில் நீருக்கிருந்த மதிப்பை நன்கு புலப்படுத்துகின்றது.

ஜோத்பூர்

மருநிலத்தைக் காணச் செல்வோர் ஜோத்பூரில் தொடங்குதல் நன்று. இராத்தோர் குலத்து இராவ் ஜோதா என்பவர் முன்னைத் தலைநகராகிய மண்டோரை விட்டு, அதற்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள செங்குத்தான பாறைக்குன்று ஒன்றில் 1459ஆம் ஆண்டு கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். நகரத்தின் மேல் ஏறத்தாழ 400 அடி உயர்ந்து நிற்கும் இக்கோட்டை மெஹ்ரான்கர் எனப் பெயர்பெறும். கோட்டையின் சுவர்களும் பாறையும் ஒன்றோடொன்று இணைந்து, எது இயற்கை எது மனிதன் படைப்பு என்று பிரித்தறிய இயலாதவாறு தோன்றுகின்றன.

இக்கோட்டையின் தோற்றம் பற்றிய கதையிலேயே நீர் இடம்பெறுகின்றது. பறவைக் குன்று எனப்பட்ட அவ்விடத்தில் துறவி ஒருவர் வாழ்ந்தார் என்றும், கோட்டை கட்டுதற்பொருட்டு வெளியேற்றப்பட்டபோது 'இக்கோட்டை நீரின்றி வாடுக' என அவர் சபித்தார் என்றும் செவிவழிச் செய்தி கூறும். சாபத்துக்குப் பரிகாரமாக மேக்வால் குலத்தைச் சார்ந்த இராஜாராம் என்பவன் அடித்தளத்தில் உயிருடன் தன்னைப் புதைக்க இசைந்தான் என்றும், அவன் வழியினருக்கு மன்னர் நிலம் வழங்கினார் என்றும் அம்மரபு தொடர்ந்து கூறுகின்றது. அவன் நினைவுக்கல் இன்றும் கோட்டையில் உண்டு. மன்னரின் பெயர் நகரத்துக்கு அமைந்தது; எளிய குடிமகனின் உடல் கோட்டைக்கு அடித்தளமாயிற்று. சாபம் நிகழ்ந்ததோ இல்லையோ, நீரின்மை பற்றிய அச்சம் அந்நகரின் பிறப்போடு பிறந்தது என்பதை இக்கதை தெளிவாக உணர்த்தும்.

அச்சத்துக்கு மாற்றாக அமைந்தது சாபநிவர்த்தி அன்று. ஓர் அரசியின் செயலாகும். ஜோதாவின் தேவியாகிய ஜஸ்மாதே ஹாடி கோட்டையின் அடிவாரத்தில் இராணிசர் என்னும் குளத்தை அமைப்பித்தார். அதன் அருகே பதம்சர் என்னும் மற்றொரு குளமும் உண்டு. குன்றின் சரிவுகளில் விழும் மழைநீர் வாய்க்கால்களின் வழியே முதலில் இராணிசரையும், அது நிரம்பி வழியுங்கால் பதம்சரையும் சேர்ந்தது. கோட்டைக்குள் வாழ்ந்தோரும் நகர மக்களும் இக்குளங்களை நம்பி வாழ்ந்தனர். 1740ஆம் ஆண்டுக்குப் பின்னர் மன்னர் அபய்சிங்கின் தேவியால் நகரினுள் கட்டப்பட்ட தூர்ஜி கா ஜால்ரா என்னும் படிக்கிணறு பிற்காலத்தில் குப்பையால் தூர்ந்து கிடந்தது. அது அண்மைக் காலத்திலே தூர்வாரப்பட்டு, செந்நிறக் கற்படிகளுடன் மீண்டும் காட்சிதருகின்றது.

கோட்டையின் இரும்பு வாயிலாகிய லோகா போல் என்னுமிடத்தில் காண்போர் உள்ளத்தை வருத்தும் கைத்தடங்கள் பல உள்ளன. 1843ஆம் ஆண்டு மறைந்த மன்னர் மான்சிங்கின் தேவியர் அவருடன் உடன்கட்டை ஏறுமுன் பதித்தவை அவை என்பர். அரச மரபு என்னும் சொல்லினுள் இக்கொடுமையும் அடங்கும் என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு நீதியாகாது. ஓர் அரசியின் கை குளத்தை அமைத்து ஊருக்கு உயிரளித்தது. வேறு அரசியரின் கைகள் சாவுக்கு முன் சுவரிலே தடம்பதித்தன. ஒரே கோட்டையில் இரண்டும் காணப்படுகின்றன.

நகரின் மற்றொரு பக்கத்தே உயர்ந்து நிற்பது உமைத் பவன் அரண்மனை. 347 அறைகளையுடைய இம்மாளிகை 1929ஆம் ஆண்டு தொடங்கி 1943ஆம் ஆண்டு நிறைவெய்தியது. இதனை வரைந்தவர் லாங்செஸ்ரர் என்னும் ஆங்கிலக் கட்டடக்கலைஞர். மன்னர் உமைத்சிங்கு இதனைக் கட்டுவித்ததன் நோக்கங்களுள் ஒன்று, பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு வேலை கொடுத்தலாகும். கற்களைச் சாந்தின்றி ஒன்றோடொன்று பொருத்தி எழுப்பிய இவ்வரண்மனையில் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் உழைத்தனர். பசித்தவனுக்குக் கூலி கிடைத்தது உண்மை. அக்கூலி அரசனுக்கு அரண்மனையாகவும் விளைந்தது. அதன் ஒரு பகுதி இன்று அரச குடும்பத்தாரின் இல்லமாகவும், ஒரு பகுதி விடுதியாகவும், ஒரு பகுதி அரும்பொருளகமாகவும் விளங்குகின்றது.

கேஜர்லி

ஜோத்பூருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 16 மைல் தொலைவிலுள்ள கேஜர்லி என்னும் சிற்றூரில் கோட்டையுமில்லை, மாளிகையுமில்லை. ஆயினும் மருநிலத்தில் காணத்தக்க இடங்களுள் இதனை விஞ்சியது பிறிதொன்றில்லை எனலாம். இவ்வூர் 'கேஜ்ரி' என்னும் மரத்தால் பெயர்பெற்றது. தமிழர் வன்னி எனப் போற்றும் மரமே அது; விருத்தாசலத் திருக்கோயிலின் தலமரமும் அதுவே. பிற மரங்கள் கருகும் வெயிலிலும் வன்னி பசுமையாக நிற்கும். அதன் இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் உணவு; அதன் காய் மக்களுக்கு உணவு; அதன் நிழலிலே பயிர் வளரும். ஆதலின் அம்மரத்தை வெட்டுதல் ஓர் உயிரைக் கொல்வதற்கு ஒப்பாகும் என்பது பிஷ்ணோய் சமயத்தார் கொள்கை. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜாம்போஜி என்னும் அருளாளர் வகுத்த 29 விதிகளைப் பின்பற்றுவோர் இவர்.

1730ஆம் ஆண்டு, மன்னர் அபய்சிங்கின் கட்டட வேலைக்குச் சுண்ணாம்பு சுடுதற்கு விறகு வேண்டப்பட்டது. அரசாங்க ஆட்கள் கேஜர்லியில் மரம் வெட்ட வந்தனர். அமிர்தா தேவி என்னும் பிஷ்ணோய்ப் பெண்மணி மரத்தைத் தழுவி நின்று தடுத்தார். மரத்தோடு அவரும் வெட்டுண்டார். அவர் புதல்வியர் மூவரும் அவ்வாறே மாண்டனர். செய்தியறிந்து சுற்றியுள்ள ஊர்களினின்றும் மக்கள் வந்து ஒவ்வொரு மரத்தையும் தழுவி நின்றனர். அந்நிகழ்ச்சியில் உயிர்நீத்தோர் தொகை 363 என்பது பிஷ்ணோய் மக்கள் பேணிவரும் கணக்கு. பின்னர் மன்னர் தவறுணர்ந்து, பிஷ்ணோய் ஊர்களில் மரம் வெட்டுதலையும் வேட்டையாடுதலையும் தடைசெய்தார். ஆண்டுதோறும் புரட்டாசியை ஒட்டி அங்கு நினைவு விழா நிகழ்கின்றது.

அரசனின் கட்டடத்துக்கும் நிலத்தின் உயிருக்கும் முரண்பாடு நேர்ந்தவிடத்து, நிலத்தின் பக்கம் நின்றோர் ஊர்மக்களே என்பது இங்கு விளங்கும். மெஹ்ரான்கரைக் கண்டு வியப்போர் கேஜர்லியைக் காணாது திரும்புவராயின், அவர் கண்டது பாதி வரலாறேயாகும்.

பிகானேர்

ஜோதாவின் மைந்தருள் ஒருவராகிய பீகா, தந்தையின் நாட்டில் பங்கை எதிர்பாராது வடக்கே சென்று 1488ஆம் ஆண்டு நிறுவிய நகரமே பிகானேர். இங்குள்ள ஜுனாகர் கோட்டை குன்றின் மேலன்றிச் சமநிலத்திலே அமைந்தது. அக்பரின் படைத்தலைவருள் ஒருவராயிருந்த இராய்சிங்கு 1589 முதல் 1594 வரையுள்ள ஆண்டுகளில் இதனைக் கட்டுவித்தார். குன்றின் காவலின்றி நின்ற இக்கோட்டையைக் காத்தவை அகழியும், அதனைச் சூழ்ந்த நீரற்ற மணல்வெளியுமாம். பகைவன் கோட்டை வாயிலை அடையுமுன் அவனுடைய படை தாகத்தோடு போரிடல் வேண்டும்.

அக்கோட்டையினுள் உள்ள பாதல் மகால் என்னும் அறை நின்று நோக்கத்தக்கது. 'பாதல்' என்பது முகில் என்று பொருள்படும். சுவர்களிலே நீலமுகில்களும் மின்னற்கொடிகளும் பொழியும் மழைத்தாரைகளும் தீட்டப்பட்டுள்ளன. வேற்று நாட்டு மன்னர் போர்க்காட்சிகளையும் வேட்டைக் காட்சிகளையும் சுவரில் எழுதுவித்தனர்; மருநிலத்து மன்னர் மழையை எழுதுவித்தனர். நகரிலுள்ள பண்டாசர் சமணக் கோயிலைப் பற்றியும் ஒரு கதை உண்டு. நீர் அரிதாகிய அவ்விடத்தில், அடித்தளத்துக்குச் சாந்து குழைக்க வணிகர் ஒருவர் நீருக்குப் பதிலாக நெய்யை வார்த்தார் என்பர். நெய்யினும் நீர் அரியதாகிய நாட்டிலேயே இத்தகைய கதை பிறக்கும்.

பிகானேர் அரசர் கல்வியையும் போற்றினர். ஔரங்கசீப்பின் படையிற் சேர்ந்து தக்காணத்திற் பணியாற்றிய மன்னர் அனூப்சிங்கு (ஆட்சி 1669-1698), போரினால் அழிவுற இருந்த வடமொழிச் சுவடிகள் பலவற்றைத் தேடித் தம் நாட்டுக்கு அனுப்பினார். அவற்றைக் கொண்டு அமைந்த அனூப் வடமொழி நூலகம் இன்றும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றது. தென்னிந்தியச் சுவடிகளும் அத்தொகுதியில் இடம்பெற்றன. ஈரமற்ற மருநிலக் காற்று ஏடுகளுக்கு நன்மை செய்தது எனலும் பொருந்தும்.

1899-1900ஆம் ஆண்டுகளில் மருநிலமெங்கும் கொடிய பஞ்சம் நேர்ந்தது. விக்கிரம ஆண்டு 1956இல் நிகழ்ந்தமையின் மக்கள் அதனை 'ஐம்பத்தாறாம் ஆண்டுப் பஞ்சம்' என்று பொருள்படும் பெயரால் தலைமுறைகள் பலவாக நினைவுகூர்ந்தனர். மனிதரும் கால்நடைகளும் பெருந்தொகையாக மடிந்தன. அப்போது பிகானேரில் ஆட்சிபுரிந்த இளம் மன்னர் கங்காசிங்கு அக்காட்சியை மறந்திலர். சட்லெஜ் ஆற்றின் நீரைத் தம் நாட்டின் வடபகுதிக்குக் கொணரப் பல ஆண்டுகள் முயன்று, 1927ஆம் ஆண்டு கங்கைக் கால்வாய் எனப் பெயர்பெற்ற கால்வாயைத் திறப்பித்தார். முதல் உலகப்போரின் பின் வேர்சாய் உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பிற் கையொப்பமிட்டவருள் அவரும் ஒருவர். ஆயினும் அக்கையொப்பத்தை இன்று நினைப்போர் சிலர்; கால்வாயால் உண்போர் பலர். லால்கர் அரண்மனையைக் கண்டு வியப்போர் அவர் பெயரை ஒருமுறை கூறுவர். வடக்கே கங்காநகரில் கோதுமை விளைக்கும் உழவர் அதனை நாள்தோறும் கூறுவர்.

கங்காசிங்கு தொடங்கிய வழியையே சுதந்திர இந்தியாவும் பின்பற்றியது. 1958ஆம் ஆண்டு தொடங்கிய இராஜஸ்தான் கால்வாய், பின்னர் இந்திரா காந்தி கால்வாய் எனப் பெயர்மாற்றம் பெற்றது. ஏறத்தாழ 400 மைல் நீளமுடைய அக்கால்வாய் ஹரிகே அணையினின்று நீரைக் கொண்டு ஜெய்சல்மேர் மாவட்டம் வரை செல்கின்றது. மணல்வெளி பலவிடத்து வயலாயிற்று. அதே வேளையில், வடிகால் அமையாத சில பகுதிகளில் நீர் தேங்கி நிலம் உவர்ப்புற்றது. மருநிலத்துக்கு நீரின்மை மட்டுமன்றி, அளவறியாத நீரும் பகையாகும் என்பதற்கு இது முதற் சான்று. இதனினும் பெரிய சான்று ஜெய்சல்மேரிலே காத்திருக்கின்றது.

ஜெய்சல்மேர்

பட்டி குலத்து இராவல் ஜைசால், லோதுர்வா என்னும் பழைய தலைநகரை விட்டு, ஏறத்தாழ 10 மைல் தொலைவிலுள்ள திரிகூட மலையில் 1156ஆம் ஆண்டு புதிய கோட்டையை நிறுவினார். சுற்றுநிலத்தினின்று ஏறத்தாழ 250 அடி உயர்ந்த இம்மலையில், மஞ்சள்நிற மணற்கல்லால் ஆகிய 99 கொத்தளங்களுடன் கோட்டை விளங்குகின்றது. மாலைவெயிலில் கற்கள் பொன்னிறங் கொள்வதால் பொற்கோட்டை எனவும் இதனை அழைப்பர். சத்தியஜித் ராயின் 'சோனார் கெல்லா' என்னும் வங்காளத் திரைப்படம் 1974ஆம் ஆண்டு வெளிவந்த பின், இப்பெயர் மேலும் பரவிற்று. பிற கோட்டைகளைப் போல இது வெறுமையாகக் கிடப்பதன்று. சில ஆயிரம் மக்கள் இன்றும் இதனுள்ளே குடும்பத்துடன் வாழ்கின்றனர். உள்ளேயிருக்கும் சமணக் கோயில்களின் சிற்ப நுணுக்கமும், அங்குள்ள ஏட்டுச்சுவடி நிலையமும் கற்றோர் காணவேண்டியன.

இந்நகரத்தை வளர்த்தது வணிகமாகும். சிந்து நாட்டுக்கும் குஜராத்துக்கும் தில்லிக்கும் இடையே சென்ற ஒட்டகச் சாத்துகள் இங்குத் தங்கின. தங்கியதற்குக் காரணம் மலையடியிலுள்ள கடிசர் ஏரி. ஜைசால் காலத்திலேயே தோன்றிய இந்நீர்நிலையை 14ஆம் நூற்றாண்டில் இராவல் கட்சி விரிவாக்கினார். ஏரியும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. சாத்து தங்கியது, சுங்கம் கிடைத்தது, சுங்கத்தால் கோட்டை உயர்ந்தது. ஆகவே ஜெய்சல்மேரின் செல்வமெல்லாம் அவ்வேரியினின்று எழுந்தது என்று கூறுதல் மிகையன்று. குமான்சந்த் பட்வா என்னும் வணிகர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் மைந்தர் ஐவர்க்கெனத் தொடங்கிய ஐந்து மாளிகைகளும், அமைச்சர் சலீம்சிங்கின் மாளிகையும், 1885ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட நத்மல் மாளிகையும் அச்செல்வத்துக்குச் சான்று பகரும். பின்னர் பம்பாய்த் துறைமுகமும் இருப்புப்பாதையும் வளர்ந்தபோது சாத்துவழிகள் தேய்ந்தன. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் மேற்குவழி முற்றாக அடைபட்டது. பின்னர் வந்த சுற்றுலாவே நகருக்குப் புத்துயிர் அளித்தது.

கடிசர் ஏரிக்கரையிலே அழகிய வாயில் ஒன்றுண்டு. தீலோன் என்னும் கணிகை தன் பொருளால் அதனைக் கட்டினாள் என்பர். கணிகை கட்டிய வாயிலினூடே அரச மகளிர் நீருக்குச் செல்லுதல் தகாதென அரண்மனையார் மறுக்க, அவள் வாயிலின் மேல் கண்ணன் திருவுருவை எழுந்தருளச் செய்து அதனை இடிக்க இயலாதவாறு காத்தாள் என்பது ஊர்க்கதை. நீர்த்துறையில் தன் பெயர் நிலைக்கவேண்டும் என்ற விருப்பம் அரசர்க்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வாயில் காட்டுகின்றது.

நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 11 மைல் தொலைவில் குல்தாரா என்னும் பாழூர் கிடக்கின்றது. கூரையிழந்த கல்வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. இங்கு வாழ்ந்தோர் பாலிவால் பிராமணர். சரிவான நிலத்தின் தாழ்ந்த விளிம்பில் நீண்ட வரம்பு கட்டி, ஓடிவரும் மழைநீரைத் தேக்கி, அது மண்ணில் ஊறியபின் அவ்வீரத்திலே கோதுமையும் கடலையும் விளைவிக்கும் 'கடீன்' முறையில் அவர் வல்லுநர். 8 அங்குல மழையில் கோதுமை விளைவித்தல் எளிய செயலன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் ஊரைக் கைவிட்டு அகன்றனர். அமைச்சர் சலீம்சிங்கு பாலிவால் பெண்ணொருத்தியை விரும்பியதால், 84 ஊர்களின் மக்களும் ஒரே இரவில் வெளியேறினர் என்று கதை கூறும். கிணறுகள் வற்றியமையும் தாங்கொணா வரியுமே காரணமென ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். கதையாயினும் ஆராய்ச்சியாயினும் உணர்த்தும் உண்மை ஒன்றே. நீரைக் காத்த குடிகளை வருத்திய ஆட்சி, தன் விளைநிலத்தைத் தானே பாழாக்கிற்று.

கோட்டைக்கு வந்த புதிய இடர்

எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக முற்றுகைகளையும் வெயிலையும் மணற்புயலையும் தாங்கி நின்ற ஜெய்சல்மேர்க் கோட்டைக்கு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எதிர்பாராத பகை ஒன்று தோன்றியது. அப்பகை நீரேயாம். முன்னாளிற் பெண்கள் கடிசர் ஏரியினின்று குடத்தில் நீர் சுமந்து மலையேறினர். சுமந்த நீர் சிந்தப்படவில்லை. ஒரு குடம் பலமுறை பயன்பட்டது. குழாய்நீர் வந்த பின்னர் அக்கணக்கு மறைந்தது. சுற்றுலாப் பெருக்கத்தால் கோட்டையினுள்ளே விடுதிகள் பல எழுந்தன, குளியலறைகள் பெருகின. சிறிதளவு நீருக்கென அமைந்த பழைய வடிகால்கள் இப்பெருக்கைத் தாங்கவில்லை. கசிந்த நீர் மலையின் மென்மையான மண்படைகளிலும் கற்படைகளிலும் இறங்கி அவற்றை நெகிழ்த்தது. 1990ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட பத்தாண்டில் கொத்தளங்கள் சில இடிந்து வீழ்ந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996ஆம் ஆண்டு இக்கோட்டையை அழிவை எதிர்நோக்கும் சின்னங்களின் பட்டியலிற் சேர்த்தது. அதன் பின்னர் வடிகால்களைத் திருத்தவும் சுவர்களை வலுப்படுத்தவும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. 2013ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் ஆறனை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றபோது ஜெய்சல்மேரும் அவற்றுள் ஒன்றாயிற்று.

படைகளால் முற்றும் அழிக்கப்படாத கோட்டையைக் குழாயினின்று ஒழுகும் நீர் அழிக்க முற்பட்டது என்பது வியப்புக்குரியது. ஆயினும் காரணத்தை ஆராயின் வியப்பு நீங்கும். அக்கோட்டை கல்லால் மட்டும் கட்டப்பட்டதன்று. நீரை அளந்து வாழும் ஒழுக்கம் ஒன்று அதன் அடித்தளத்திலே இருந்தது. ஒழுக்கம் தளர்ந்தபோது கல்லும் தளர்ந்தது. அக்கோட்டையைக் காண விரும்பி வருவோர் தொகையே அதன் பாரமாயிற்று என்பது, மரபுச் சின்னங்களைப் போற்றும் எல்லா நாட்டாரும் சிந்திக்கற்பாலது.

முடிவுரை

ஐப்பசி முதல் மாசி வரையுள்ள மாதங்கள் மருநிலத்தைச் சுற்றிப் பார்த்தற்கு ஏற்றன. ஜோத்பூரில் தொடங்கி, கேஜர்லியைக் கண்டு, வடக்கே பிகானேருக்குச் சென்று, அங்கிருந்து மேற்கே ஜெய்சல்மேரையும் குல்தாராவையும் அடைதல் பொருத்தமான வழி. ஒவ்வொரு கோட்டையிலும் வாயிலையும் அரியணையையும் கண்ட பின், அடிவாரத்துக் குளத்தையும் தேடிக் காணல் வேண்டும். வாளும் கேடயமும் கண்ணாடிப் பேழைகளிலே காக்கப்படுகின்றன. குளங்களுக்கும் படிக்கிணறுகளுக்கும் அத்தகைய பேழை இல்லை. ஊர்மக்களின் கவனமே அவற்றின் காவல். ஜெய்சல்மேரில் தங்குவோர் கோட்டைக்கு வெளியேயுள்ள விடுதியைத் தெரிந்துகொள்வது, அக்கோட்டைக்குச் செய்யும் சிறு தொண்டாகும்.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணக்கற் படையினுள் தங்கும் நன்னீரைக் கிணற்றால் முகந்து வாழும் மக்களுக்கு இவ்வரலாறு எளிதில் விளங்கும். மிகுதியாக இறைத்தால் உவர் ஏறும் என்பதை அவர் அறிவர். தூர்ந்த குளத்தின் விலையையும் அறிவர். மருநிலத்து மன்னரின் முடியும் மானியமும் இன்று இல்லை. ஜஸ்மாதே ஹாடியின் குளமும், கங்காசிங்கின் கால்வாயும், அமிர்தா தேவியின் வன்னியும் இருக்கின்றன. அவற்றைக் காத்து நிற்போரே அம்மரபுக்கு உண்மையான உரிமையாளராவர்.